முதற்படியை அளந்தாரா, கடைசிப்படியை அளந்தாரா?

மாடிப்படியில் கார்ப்பெற்றை உரித்துவிட்டு ஓக் மரம் போட வேண்டும் என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள், கதவைத் திறந்ததும் கேட்பது நிறத்தைத்தான். கடும் மண்ணிறமா, சாம்பல் கலந்ததா, மரத்தின் சொந்த நிறத்திலேயே விடுவதா? அடுத்த கேள்வி, "படிக்கு எவ்வளவு அண்ணை எடுப்பியள்?" அதற்கும் அடுத்தது, "எப்ப முடிச்சுத் தருவியள்?" ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று எங்கள் ஆட்கள் வீடு வாங்கிய திசையெல்லாம் என் வான் போயிருக்கிறது. இந்தக் கேள்விகளின் வரிசைகூட மாறியதில்லை. வேலை முடிந்தபின் முதற்படி எவ்வளவு உயரும், கடைசிப்படி எவ்வளவு குறையும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கட்சி. அதைக் கேட்காத வீட்டுக்காரரும், தெரிந்திருந்தும் வாய் திறக்காத வேலைக்காரரும் சேர்ந்து, நல்ல காசு செலவழித்து வீட்டுக்குள் ஒரு தடக்கலைச் செய்து வைக்கிறார்கள்.

கார்ப்பெற்றை எடுப்பது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. எடுக்கத்தான் வேண்டும். இருபது வருடம் மிதிபட்ட படிக் கார்ப்பெற்றை ஒருமுறை உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்குள் என்னென்ன இருக்கும் என்று. மாவு மாதிரித் தூசி, மூலையில் பாசிமணி, எப்போதோ தேடிக் கைவிட்ட தோட்டுச் சுரை, செல்லப்பிராணி வளர்த்த பழைய வீட்டுக்காரரின் நினைவாக ஒரு மணம். பிள்ளைக்கு மூச்சிழுப்பு இருக்கிற வீட்டில் அந்தக் கார்ப்பெற்றை வைத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மரமும் நல்ல மரம். இங்கே படிகளுக்கு அதிகம் போடுவது சிவப்பு ஓக். ஊரில் கடினத்துக்குத் தேக்கைச் சொல்லிப் பழகிய எங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அமுங்காமல் தாங்குவதில் சிவப்பு ஓக் தேக்கைவிட ஒருபடி மேல். படிக்கு ஏற்ற மரம். சண்டை மரத்தோடு இல்லை, அதைப் போடுகிற விதத்தோடுதான்.

படி ஏறுவது கண்ணால் செய்கிற வேலையல்ல. முதல் ஒன்றிரண்டு படியிலேயே கால் அளவைப் பிடித்துவிடும். மிச்சத்தை அந்தக் கணக்கிலேயே ஏறும், இறங்கும். உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டும், கைபேசியைப் பார்த்துக்கொண்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் நாங்கள் படியில் போய்வருவது அந்தக் கணக்கை நம்பித்தான். கணக்கு ஓர் இடத்தில் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சாட்சி நியூயோர்க்கில் இருக்கிறது. புரூக்ளினில் 36ஆம் வீதி நிலக்கீழ் ரயில் நிலையத்திலிருந்து வெளியே ஏறும் படிக்கட்டில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிடச் சற்று உயரமாக இருந்தது. வித்தியாசம் ஓர் அங்குலம்கூட வராது. 2012இல் அந்தப் பகுதியில் வசித்த ஒருவர் அந்தப் படியைப் பார்த்தபடி கமராவை வைத்து, ஏறி வருகிறவர்களைப் படம்பிடித்தார். ஒருவர் பின் ஒருவராக, அதே படியில், அதே மாதிரி எல்லோரும் தடக்குப்படுகிறார்கள். தடக்கியவர் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார். அந்தப் படம் இணையத்தில் பரவிய பிறகுதான் நிர்வாகம் படியைத் திருத்தியது.

அந்த நிலையத்தில் இருந்தது ஓர் அங்குலத்துக்கும் குறைவு. எங்கள் வீடுகளில் நாங்கள் செய்து வைப்பது அதைவிட மோசம். கணக்கைப் பாருங்கள்.

வழமையான ஒரு வீட்டுப் படிக்கட்டில் 14 ஏற்றம், ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பழைய பலகையின் மூக்கை அறுத்துவிட்டு, அதற்கு மேலேயே முக்கால் அங்குல ஓக் பலகையை ஒட்டுவதுதான் இங்கே பரவலான முறை. நடுவில் உள்ள படிகளுக்கு ஒன்றும் ஆகாது. கீழ்ப்படி முக்கால் அங்குலம் உயர்ந்தால் மேற்படியும் முக்கால் உயரும், இடையில் அதே ஏழரைதான். கணக்குப் பிழைப்பது இரண்டு முனையிலும். கீழ்த்தளம் இருந்த இடத்தில் இருக்க, முதற்படி எட்டேகால் ஆகிவிடும். மேல்மாடித் தளம் இருந்த இடத்தில் இருக்க, கடைசி ஏற்றம் ஆறேமுக்காலாகச் சுருங்கிவிடும். ஒரே படிக்கட்டில் ஒன்றரை அங்குல வித்தியாசம், அதாவது 38 மில்லிமீற்றர். ஒன்ராறியோக் கட்டட விதி, அடுத்தடுத்த ஏற்றங்களுக்கு இடையே 5 மில்லிமீற்றரும், ஒரு படிக்கட்டின் ஆக உயர்ந்த ஏற்றத்துக்கும் ஆகக் குறைந்ததற்கும் இடையே 10 மில்லிமீற்றரும்தான் விட்டுக்கொடுக்கிறது. அமெரிக்காவிலும் எட்டில் மூன்று அங்குலம்தான், ஏறக்குறைய அதே அளவு. வீட்டுக்குள் உள்ள படியின் ஏற்றம் 200 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது என்பதும் ஒன்ராறியோ விதி. எட்டேகால் அங்குலம் 210ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

ஏறும்போது தடக்கினால் முன்னால் விழுவோம், கையை ஊன்றிக்கொள்ளலாம். இறங்கும்போது அந்தச் சலுகை இல்லை. மேலிருந்து இறங்குகிற கால் முதலில் ஆறேமுக்கால் இறங்கி அதையே அளவாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த படி முக்கால் அங்குலம் ஆழத்தில் இருக்கிறது. எல்லாம் பழகி, கடைசியில் தளம் வந்துவிட்டது என்று காலை வைத்தால் அங்கே தளம் இல்லை, இன்னும் முக்கால் அங்குலம் கீழே இருக்கிறது. ஜோன் ரெம்ப்ளர் என்பவர் படிக்கட்டைப் பற்றி 1992இல் இரண்டு பாகமாகப் புத்தகமே எழுதியிருக்கிறார். விழுகிறவர்களில் அதிகம் பேர் விழுவது மேல்முனையிலோ கீழ்முனையிலோ உள்ள சில படிகளில் என்பது அதில் வருகிற விடயம். நாங்கள் மரம் ஒட்டிக் கெடுப்பதும் சரியாக அந்த இரண்டு முனைகளைத்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, மேலே மரம் ஒட்டுவதே கூடாது என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு நிலைமை வேறு. மேல்மாடி நடைவழியிலும் கார்ப்பெற்றை எடுத்துவிட்டு முக்கால் அங்குல மரம் போடுகிறவராக இருந்தால் மேல்முனை தானாகச் சரியாகிவிடும். சில வீடுகளில், பழைய வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் மட்டும் மரம் போட்டு, முதற்படியை ஏற்கெனவே முக்கால் அங்குலம் குட்டையாக்கி வைத்திருப்பார். அங்கே படியின் மேல் ஒட்டினால் கீழ்முனை பழைய அளவுக்குத் திரும்பும். மேலே கார்ப்பெற் அப்படியே இருக்கப் போகிறது என்றால், அதையும் கீழே உள்ள மெத்தையையும் காலால் அமுக்கி அளக்க வேண்டும், நுனியில் ரேப்பைத் தொட்டு அளப்பது அளவே அல்ல. இதெல்லாம் ஒத்து வராத வீட்டில் பழைய பலகையைக் கழற்றிவிட்டு, அதே தடிப்பில் ஓக் பலகையை அந்த இடத்திலேயே இறக்க வேண்டும். செலவு கூட, தூசி கூட, ஒருநாள் இரண்டுநாள் வீட்டுக்காரர் மேலே போய்வரவும் கஷ்டப்படுவார். அல்லது படிக்கென்றே வருகிற மெல்லிய ஓக் பலகையைப் போட்டு, இரண்டு முனையையும் விதிக்குள் கொண்டுவரப் பார்க்கலாம். எந்த வழி என்று முடிவு செய்வதற்கு ஒரு ரேப், ஒரு மட்டம், பத்து நிமிடம் போதும். நான் போய்ப் பார்த்த பல வீடுகளில், எனக்கு முன் வந்து விலை சொல்லிவிட்டுப் போனவர் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. படியை எண்ணினார், பெருக்கினார், போனார்.

இந்தப் 'படிக்கு இவ்வளவு' என்கிற விலைதான் எங்கள் தொழிலைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சுகம். ஒருவர் சொன்ன விலையைவிட அடுத்தவர் பத்து டொலர் குறைத்துச் சொன்னால் வேலை அவருக்கு. குறைத்தவர் எதைக் குறைப்பார்? பலகையின் விலை கடையில் எல்லோருக்கும் ஒன்றுதான். குறைவது அளக்கிற நேரமும், படியின் சத்தத்தை அடக்குகிற நேரமும். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. அவருக்கும் வான் கட்டணம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படியான மேற்பூச்சு வேலைக்கு எந்த ஆய்வாளரும் வந்து ரேப் பிடித்து நான் கண்டதில்லை. எனவே அளவு பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

ஒரு படியைச் செய்வதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இந்தப் பெருக்கல் கணக்கு எவ்வளவு பொருந்தாது என்பது புரியும். கார்ப்பெற்றை உரித்ததும் படியின் பின்மூலையில் ஆணி முளைத்த மெல்லிய மரக்கீலங்கள் தெரியும். அவற்றை நெம்பி எடுத்து, நூற்றுக்கணக்கில் கிடக்கும் ஸ்ரேப்பிள்களைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் புதுப்பலகை அதன் மேல் இருந்து ஆடும். பிறகு படியின் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என்று ஏறி நின்று உடம்பை ஆட்டிப் பார்ப்பேன். கிறீச்சிடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு குறி. அந்த இடத்தில் நீள ஸ்க்ரூ இறக்கி இறுக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. மரத்தை ஒட்டியபின் கிளம்புகிற சத்தத்தை அடக்க, பலகையையே உடைக்க வேண்டிவரும்.

அதன்பின் அளவு. எந்தப் படிக்கட்டும் சதுரமாக இருப்பதில்லை, கட்டியவர் என்னதான் சொன்னாலும். இரண்டு பக்கத்துச் சுவர்ப்பலகையும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்காது. ஒரு படி முன்னால் 36 அங்குலம் இருந்தால் பின்னால் எட்டிலொரு அங்குலம் குறையும், அடுத்த படியில் அது கூடும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. இரண்டு முனையிலும் திரும்பக்கூடிய தகடு வைத்த நீளமான அளவுகோல். படியில் வைத்து, இரண்டு தகட்டையும் சுவர்ப்பலகையோடு அணைத்து இறுக்கினால், அந்தப் படியின் கோணம் அப்படியே பிடிபடும். அதைத் தூக்கிப் போய் ஓக் பலகையில் வைத்து, கூர்ப் பென்சிலால் கீறி, கீற்றுக்கு வெளியே வாளை விட்டு அறுப்பேன். முதலில் ஒரு மயிரிழை கூட விட்டு, படியில் வைத்துப் பார்த்து, சீவுளியால் இரண்டு இழைப்பு எடுத்து, கையால் தட்டி உட்கார வைக்க வேண்டும். வெட்டு இடைவெளியைப் பசையால் நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் குளிர்காலம் வரை அது தாங்கும்.

குளிர்காலம் என்றதும் அதையும் சொல்லிவிட வேண்டும். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் அசையும். கோடையில் ஈரத்தைக் குடித்து விரியும். சனவரியில் ஹீற்றர் ஓடி வீட்டுக்குள் ஈரப்பதன் 30 சதவீதத்துக்கும் கீழே போகும்போது சுருங்கும். பதினொரு அங்குல அகலப் பலகை கோடைக்கும் மாரிக்கும் இடையில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் வரை விளையாடலாம். கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே அறுத்து ஒட்டினால், அந்த விளையாட்டு முழுவதும் உங்கள் படியில் நடக்கும். பலகையை வீட்டுக்குள் சில நாட்கள் பிரித்து அடுக்கி, வீட்டுக் காற்றைப் பழக விட வேண்டும். இதைச் சொன்னால், "அண்ணை, சாமத்திய வீட்டுக்கு முந்தி முடியோணும்" என்று பதில் வரும்.

எங்கள் ஆட்களின் படிக்கட்டுக்கு ஒரு சிறப்பான காலக்கெடு இருக்கிறது என்பதை வேறு சமூகத்தவர்களுக்குச் சொன்னால் விளங்காது. பிள்ளையை அலங்கரித்து, மேலிருந்து படியால் இறக்கி, வீடியோக்காரர் கீழே முழங்காலில் இருந்து படம் எடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடக் காட்சிக்காக வீட்டுப்படி புதிதாகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை, எனக்குப் பாதி வருமானமே அதில்தான். ஆனால் மண்டபத்துக்குக் காசு கட்டி, அழைப்பிதழ் அடித்து, நகைக்கடைக்கும் போய்வந்த பிறகுதான் படி ஞாபகம் வருகிறது. பொலியூரத்தேன் பூச்சு ஒரு நாளில் காய்ந்த மாதிரித் தெரியும், கையை வைத்தால் ஒட்டாது. உள்ளே இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் விருந்தாளிகள் ஏறி இறங்கி, யாரோ ஒரு அக்காவின் குதிச்சப்பாத்து ஒவ்வொரு படியிலும் ஒரு புள்ளியை அழுத்திவிட்டுப் போயிருக்கும். விழாவுக்கு ஒன்றரை இரண்டு மாதம் முந்திக் கூப்பிட்டால் போதும். அதைத்தான் கேட்கிறேன்.

இந்தப் படிகளை உண்மையில் நாளெல்லாம் ஏறி இறங்குகிறவர் யார் என்பதைப் பற்றியும் கொஞ்சம் கதைக்க வேண்டும். என் அப்பு யாழ்ப்பாணத்தில் தச்சுவேலை செய்தவர். கதவு, யன்னல், அலுமாரி, பனஞ்சிலாகை அடித்து ஓடு போடுகிற கூரை என்று செய்யாத வேலை இல்லை. ஒரு வீட்டுக்கு உட்படிக்கட்டுச் செய்து கொடுத்ததை நான் பார்த்ததில்லை. வேலையே வராது. எங்கள் ஊர் வீடுகள் ஒருதட்டு வீடுகள், விறாந்தைக்கு ஏற இரண்டு மூன்று படி இருந்தால் பெரிது. மாடி என்றால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் சந்தியில் நிற்கிற கடை. அப்படி வாழ்ந்தவர்கள் அறுபது எழுபது வயதில் இங்கே வந்து, படுக்கை மேலே, குசினி நடுவில், உடுப்புத் தோய்க்கிற இயந்திரம் கீழே என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் ஏறி இறங்குகிறார்கள். படிக்கட்டோடு வளர்ந்த காலுக்கும் வயதான பிறகு படிக்கட்டைக் கண்ட காலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதுவும் எப்படி இறங்குகிறார்கள்? ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை, மற்றக் கையால் சேலையையோ வீட்டுச் சட்டையையோ தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலில் மேஸோடு. கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

மேஸும் பளபளப்பான பொலியூரத்தேனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விபரிக்கத் தேவையில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற பழக்கம் எங்களுக்கு நல்ல பழக்கம்தான், ஆனால் அதனால் கனடாவில் எங்கள் வீட்டுப் படிகள் எல்லாம் மேஸால் மிதிக்கப்படுகிற படிகள். பனிக்காலத்தில் வாசலில் உருகிய தண்ணீரை மிதித்த மேஸ் என்றால் இன்னும் விசேஷம். இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. கண்ணாடி மாதிரி மினுங்குகிற பூச்சு வேண்டாம், மங்கல் பூச்சு எடுங்கள். கடைசிப் பூச்சில் கலந்துவிடுகிற நுண்ணிய வழுக்காத் தூள் வருகிறது, காலுக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. எல்லாவற்றிலும் நல்லது, படியின் நடுவால் இறங்குகிற ரன்னர் கார்ப்பெற். இரண்டு ஓரத்திலும் ஓக் தெரியும், நடுவில் காலுக்குப் பிடிப்பு இருக்கும். பூச்சு நன்றாக இறுகிய பிறகு அதை அடித்துக் கொள்ளலாம்.

ரன்னரைப் பற்றிச் சொன்னால் வீடுகளில் முகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன். மார்க்கத்தில் ஒரு வீட்டில் மருமகள் நேரடியாகவே சொன்னார்: "அண்ணை, கார்ப்பெற்றை எடுக்கத்தானே உங்களைக் கூப்பிட்டது, திரும்பவும் கார்ப்பெற்றா?" மாமியார் கதிரையில் இருந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "எனக்கென்ன பிள்ளை, நான் பின்னுக்குத் திரும்பி இருந்து இருந்து இறங்குவன்" என்றார். அவர் சொன்னது பகிடி இல்லை. புதுப்படி போட்ட பக்கத்து வீட்டில் ஒருமுறை சறுக்கியதிலிருந்து, யாரும் பார்க்காத நேரம் ஒவ்வொரு படியாக இருந்துதான் இறங்குகிறாராம். மருமகளுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். ரன்னருக்கு நிறம் தெரிவு செய்ததும் அவர்தான், நல்ல ரசனை.

கைப்பிடிக்கும் இதே கதைதான். பழைய மரப் பிக்கற்றுகளைக் கழற்றிவிட்டுக் கறுப்பு இரும்புப் பிக்கற் போடுவது இப்போதைய மோகம். வடிவுதான். ஆனால் முறுக்கு வைத்தது, கூடை வைத்தது என்று விலை கூடக் கூட எண்ணிக்கையைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 100 மில்லிமீற்றர் உருண்டை ஒன்று புகக்கூடாது என்பது விதி, தவழ்கிற பிள்ளையின் தலையையும் உடம்பையும் நினைத்து எழுதிய விதி. கைப்பிடி படியின் மூக்கிலிருந்து 865 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. பழைய படிக்கு மேல் முக்கால் அங்குல மரம் ஏறினால் கைப்பிடி அதே முக்கால் அங்குலம் தாழ்ந்துபோகிறது, அதையும் யாரும் கவனிப்பதில்லை. அத்தோடு, அகலமான சதுரக் கட்டையைக் கைப்பிடியாக வைக்கிற புது மோகத்தை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. விழப்போகிறவர் அதைத் தொடலாம், பிடிக்க முடியாது. விரல்கள் சுற்றி வளைக்கிற உருண்டைக் கைப்பிடிதான் கைப்பிடி.

இவ்வளவும் பார்த்தால் வீட்டை விற்கும்போது விலை வராதே என்பார்கள். வீடு விற்பனை முகவர்கள் இந்த விடயத்தில் எங்கள் ஆட்களுக்கு நல்ல பாடம் எடுத்து வைத்திருக்கிறார்கள்: மரப்படி, இரும்புப் பிக்கற், கடும் நிறம், படத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். படத்தில் முக்கால் அங்குலம் தெரியாது என்பது உண்மை. விற்பதற்குப் போடுகிறவர் விற்கட்டும். ஆனால் என்னைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலானோர் விற்கப் போகிறவர்கள் இல்லை. இன்னும் பத்துப் பதினைந்து வருடம் அதே வீட்டில் இருந்து, அம்மா அப்பாவைப் பார்த்து, தாங்களும் அதே படியில் வயதாகப் போகிறவர்கள். ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் வேலை செய்த ஜேக் போல்ஸ் என்பவர், வீட்டுப்படிக்கு ஏழு அங்குல ஏற்றமும் பதினொரு அங்குல மிதியும் வேண்டும் என்று பல வருடம் வாதாடியவர். எங்கள் வீடுகளில் ஏற்றம் ஏழரைக்குக் குறைவாக இருப்பதே அருமை, மிதிக்கிற அகலமும் பத்தைச் சுற்றித்தான். கட்டியவர் ஏற்கெனவே செங்குத்தாகத்தான் கொடுத்திருக்கிறார். அதில் இன்னும் தாறுமாறு செய்ய இடம் இல்லை.

ஆகவே விலை கேட்கும்போது எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்தபின் முதல் ஏற்றம் எவ்வளவு, கடைசி ஏற்றம் எவ்வளவு, நடு ஏற்றம் எவ்வளவு என்று மூன்று எண் அந்தத் தாளில் இருக்க வேண்டும். எழுதித் தர மாட்டேன் என்கிறவரை, அவர் என் சொந்தக்காரனாக இருந்தாலும், அனுப்பிவிடுங்கள். நிறத்தை அதற்குப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

இன்னொன்று. மேலே போகிற படிக்குத்தான் இவ்வளவு காசும் கவனமும். பேஸ்மென்றுக்குப் போகிற படியை யாரும் எனக்குக் காட்டுவதே இல்லை. கதவை மூடி வைத்திருப்பார்கள். உடுப்புத் தோய்க்க, குளிர்பெட்டியில் மீன் எடுக்க, அரிசி மூட்டை பார்க்க அம்மா போய்வருவது அந்தப் படியால்தான். பல வீடுகளில் அது பெயின்ற் அடித்த பைன் பலகை, ஒரு பக்கம் திறந்தபடி, மேலே ஒரே ஒரு பல்ப், கைப்பிடி பாதித் தூரத்தில் நின்றுவிடும் அல்லது இருக்கவே இருக்காது. ஓக் போட வருகிறவரை அந்தக் கதவையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஓக் தேவையில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு முழுக் கைப்பிடி, ஒவ்வொரு படியின் மூக்கிலும் ஒரு சொரசொரப்புக் கீலம், இரண்டு முனையிலும் சுவிட்ச் வைத்த வெளிச்சம். மின் வேலைக்கு உரிமம் உள்ளவரைக் கூப்பிட வேண்டும், மற்றது எல்லாம் எனக்கு அரைநாள் வேலை. மேற்படியில் ஒரு பிக்கற்றின் டிசைனைக் கொஞ்சம் சாதாரணமாக எடுத்தால் அந்தக் காசு மிச்சம் வரும்.